வாட்ஸப் குழுவில் கோளாறா? எதை முதலில் பார்ப்பது

நான் மூன்று வாட்ஸப் குழுக்களுக்கு அட்மின். ஒன்று மஞ்சள் விவசாயிகள் குழு. இன்னொன்று கீழ்பவானி வாய்க்காலில் எங்கள் மதகுப் பாசனக்காரர்கள் குழு. மூன்றாவது குலதெய்வக் கோயில் பங்காளிகள் குழு. மூன்றிலும் ஈரோட்டுக்குத் தெற்கே மொடக்குறிச்சி, அரச்சலூர் பக்கத்து ஆட்கள்தான் அதிகம். பேச்சு ஒவ்வொன்றிலும் வேறு வேறு. ஆனால் குழு கெட்டுப்போகிற விதம் மட்டும் ஒன்றேதான். அதே ஏழெட்டுக் கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில், எதை முதலில் பார்ப்பது என்று கைக்கு ஒரு வரிசை வந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை என்றால் எடுத்தவுடன் மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்கமாட்டோம். கரண்ட் இருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா என்று பார்ப்போம். குழுவிலும் அப்படியே. ஆளை நீக்குவது மோட்டாரைத் தூக்குகிற வேலை. முக்கால்வாசிக் கோளாறு ஃபியூஸ் அளவிலேயே முடிந்துவிடும்.

உங்கள் குழுவில் என்ன அறிகுறி தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

## அறிகுறி: கேள்வி போட்டால் யாரும் பதில் சொல்வதில்லை

"இந்தக் குழுவில் யாருக்கும் எதுவும் தெரியாதா?" என்று இரண்டாவது செய்தி போடுவதற்கு முன்னால் இவற்றைப் பாருங்கள்.

எத்தனை மணிக்குப் போட்டீர்கள்? காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்த பிறகும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும்தான் எங்கள் குழுவில் ஆள் நடமாட்டம். நடுப்பகலில் போட்ட கேள்விக்குச் சாயங்காலம் வரை பொறுக்கவேண்டும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை அதே கேள்வியை மறுபடி போட்டால் பதில் சொல்ல வந்தவரும் நகர்ந்துவிடுவார்.

கேள்வியில் விவரம் இருக்கிறதா? "மஞ்சள் இலை கருகுது, என்ன மருந்து அடிக்கலாம்?" இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல யாராலும் முடியாது. விஷயம் தெரிந்தவர் ஐந்து கேள்வி திருப்பிக் கேட்கவேண்டும். அலுத்துப்போய் அவர் பேசாமல் இருந்துவிடுகிறார். தெரியாதவர் உடனே ஒரு மருந்துப் பெயரைச் சொல்லிவிடுகிறார். அதே கேள்வியை இப்படிப் போட்டுப் பாருங்கள்:

"வணக்கங்க. மஞ்சள் நட்டு அஞ்சு மாசம் ஆச்சுங்க. செம்மண்ணு, சொட்டுநீர். ஒரு வாரமா அடி இலை ஓரத்துல இருந்து காயுது, ஒரு மூலையில பத்துப் பார் அளவுக்கு மட்டும். ஒரு செடியப் புடுங்கிப் பார்த்தேன், கெழங்கு அழுகலைங்க. இதுவரைக்கும் மருந்து எதுவும் அடிக்கலை. இலை, செடி, கெழங்கு மூணு போட்டோவும் கீழ இருக்குதுங்க."

இந்த மாதிரிக் கேள்விக்கு எங்கள் குழுவில் பதில் வராமல் போனதே இல்லை.

ஏற்கெனவே பதில் வந்த கேள்வியா? குழுவுக்குள்ளேயே தேடும் வசதி இருக்கிறது. "இலைக்கருகல்" என்று ஒரு சொல்லைப் போட்டுத் தேடினால் போன வருடப் பேச்சு அத்தனையும் வரும். அதைப் படித்துவிட்டு, "போன ஐப்பசியில இப்படிச் சொல்லியிருக்கீங்க, என்னோடதும் அதுதானுங்களா?" என்று கேட்டால், பதில் சொல்கிறவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

போன தடவை உதவியவருக்கு என்ன ஆயிற்று என்று சொன்னீர்களா? மேலே சொன்ன எதுவும் இல்லை, ஆனாலும் பதில் வரவில்லை என்றால் காரணம் அனேகமாக இதுதான். சரிக்கட்ட அதிக நாள் பிடிப்பதும் இதுதான். பத்து வரி டைப் பண்ணி யோசனை சொன்னவருக்கு, செடி பிழைத்ததா செத்ததா என்றே தெரியவில்லை என்றால் அடுத்த தடவை அவர் எழுதமாட்டார். இன்றைக்கே பழைய செய்தியைத் தேடிப்பிடித்து, அதற்குக் கீழே நடந்ததை எழுதிவிடுங்கள். ஆறு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை.

வெளியே கேட்கவேண்டிய இடம்: மருந்தின் அளவு என்று வந்துவிட்டால் குழுப்பேச்சு போதாது. கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம். கோபியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தில் பிஎஸ்ஆர் 1, பிஎஸ்ஆர் 2 என்று மஞ்சள் ரகமே வெளியிட்டிருக்கிறார்கள். செடியையும் கிழங்கையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிடலாம்.

## அறிகுறி: முக்கியமான சேதி காணாமல் போய்விடுகிறது

இதை ஒரு துக்க வீட்டுச் சேதியால்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். பங்காளிகள் குழுவில் காலை 7 மணிக்கு ஒரு சேதி வந்தது: இன்னார் தவறிவிட்டார், மதியம் 2 மணிக்கு எடுக்கிறார்கள், வீடு இன்ன ஊரில். அதற்குக் கீழே "ஆழ்ந்த இரங்கல்", "ஓம் சாந்தி" என்று வந்துகொண்டே இருந்தது. நடுவில் தாமரைப்பூப் படத்தோடு இரண்டு "இனிய காலை வணக்கம்". பத்து மணிக்குப் போனை எடுத்தவர் கடைசி நாலு இரங்கலைப் பார்த்தார். யார் இறந்தது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று மேலே தள்ளித் தேட அவருக்குப் பொறுமை இல்லை. சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். போனபோது வீட்டில் பந்தல்தான் இருந்தது. இறந்தவர் அவருக்குச் சொந்தச் சித்தப்பா முறை.

பார்க்கவேண்டிய வரிசை இது.

அட்மின் அந்தச் செய்தியை "பின்" (pin) செய்தாரா? ஒரு செய்தியை மேலேயே நிறுத்திவைக்கும் வசதி குழுவில் உண்டு. 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று எவ்வளவு காலம் வேண்டுமோ வைக்கலாம். துக்கச் சேதி 24 மணி நேரம், மதகில் முறைத்தண்ணீர்ப் பட்டியல் 7 நாள் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். செலவே இல்லாத வைத்தியம்.

"சரிங்க", "நன்றிங்க" எல்லாம் தனிச் செய்தியாக வருகிறதா? செய்தியை அழுத்திப் பிடித்தால் கைகூப்பும் குறி வரும். அதைத் தொட்டால் போதும், யார் யார் பார்த்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். துக்கச் சேதிக்கு மட்டும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: கைகூப்புக் குறி மட்டும் போடவேண்டும், சொல்ல நினைப்பதை வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும். கட்டைவிரல் குறியை இறப்புச் செய்திக்குப் போடக்கூடாது என்று பெரியவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பார்த்துவிட்டேன் என்பதற்குத்தான் அவர்கள் போடுகிறார்கள். அந்த வீட்டுக்காரர் கண்ணுக்கு அது வேறு மாதிரிப் படும்.

மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜா? டைப் செய்யத் தெரியாதவர்களுக்கு அது வரப்பிரசாதம், தடுக்கக்கூடாது. ஆனால் கேட்கிறவர் பஸ்ஸில் இருப்பார், தறிக்குடோன் சத்தத்தில் இருப்பார். பேசியதற்குக் கீழே "நாளைக்கு முறைத்தண்ணி பத்தி" என்று நாலு சொல் எழுதிவிட்டால் வேண்டியவர் கேட்பார். எழுத வராதவருக்கு அந்த நாலு சொல்லை வேறு யாராவது எழுதிக்கொடுக்கலாம்.

காலை வணக்கப் படங்கள்தான் காரணமா? இதில் அவசரப்படாதீர்கள். "குட்மார்னிங் போடுகிறவர்கள் நீக்கப்படுவார்கள்" என்று அறிவிக்கிற அட்மின்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவில் தினமும் காலை ஐந்தரைக்குப் படம் போடுகிற ஒரு பெரியவர், மனைவி போனபிறகு தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். ஒருநாள் படம் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போய்ப் பார்த்தால், காய்ச்சலில் எழமுடியாமல் படுத்திருந்தார். அவருக்கு அந்தத் தாமரைப்பூ "நான் எழுந்துவிட்டேன், நல்லா இருக்கேன்" என்று சொல்கிற வழி. அதனால் "காலை வணக்கம்" என்றே ஒரு தனிக் குழு தொடங்கி, படம் போடுகிறவர்களையும் அதைப் பார்க்கப் பிரியப்படுகிறவர்களையும் அதில் சேர்த்தோம். வேலைக் குழு சுத்தமாயிற்று, யார் மனசும் நோகவில்லை.

மஞ்சள் விலைச் சேதிக்கு ஒரு குறிப்பு மட்டும். "விலை ஏறிடுச்சு" என்று போட்டால் அது சேதியே ஆகாது. எந்தத் தேதி, எந்த மார்க்கெட், விரலி மஞ்சளா கிழங்கு மஞ்சளா, குவிண்டாலுக்கு எவ்வளவு என்று நான்கும் வேண்டும். ஈரோட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், ஈரோடு கூட்டுறவுச் சங்கம், கோபி கூட்டுறவுச் சங்கம் என்று நாலு இடத்தில் ஏலம் நடக்கிறது; நாலிலும் விலை ஒன்றாக இருக்காது. தேதி இல்லாத விலை நாலு நாள் கழித்து வேறு குழுவிலிருந்து திரும்பி வரும். அதை நம்பி மூட்டையை வண்டியில் ஏற்றுகிறவரும் இருக்கிறார்.

## அறிகுறி: சாதாரணமாக எழுதியது சண்டையாகிவிடுகிறது

அதிகம் வருவதும், பலரும் தப்பாகக் கைவைப்பதும் இந்தக் கோளாறில்தான்.

முதலில் "ங்க" இருக்கிறதா பாருங்கள். கொங்குப் பேச்சில் மரியாதை முழுவதும் அந்த இரண்டு எழுத்தில் தொங்குகிறது. "ஏனுங்க", "சரிங்க", "இல்லீங்க", "வந்துட்டனுங்க". வாயால் பேசும்போது தானாக வந்துவிடும், யாரும் நினைத்துச் சொல்வதில்லை. போனில் தட்டும்போது முதலில் கழன்று விழுவதும் அதுதான். எழுதுகிறவர் மனசில் "ங்க" இருக்கும். படிக்கிறவர் திரையில் இருக்காது.

நடந்ததைச் சொல்கிறேன். கோயில் பொங்கல் முடிந்து கணக்குப் பார்க்கிற பெரியவர், வரவு செலவு எழுதிய நோட்டைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன் ஒருவன் அதற்குக் கீழே இரண்டே சொல் எழுதினான்: "கணக்கு எங்கே". போட்டோ அவன் போனில் இறங்கவில்லை. எங்கே இருக்கிறது, காணோமே என்றுதான் கேட்டான். பெரியவர் படித்தது வேறு. முப்பது வருடம் கோயில் காசைப் பைசா சுத்தமாக வைத்திருந்தவரிடம் கணக்கு எங்கே என்று ஒருவன் ஊர் முன்னால் கேட்கிறான். ஒரு மணி நேரத்துக்குள் அவர் குழுவை விட்டுப் போனார், மகன்கள் இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். அதற்குள் பையனுக்கு ஆதரவாக நாலு பேர், எதிராக எட்டுப் பேர். "கணக்கு எங்கீங்க பெரிப்பா இருக்குது, எனக்குக் காட்டலைங்க" என்று எழுதியிருந்தால் இதில் ஒன்றுமே நடந்திருக்காது.

சரிசெய்தது எப்படி? குழுவில் நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. பையனுக்குப் போன் செய்தேன். "போட்டோ வரலைங்கண்ணா, அதைத்தான் கேட்டேன்" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பாவோடு பெரியவர் வீட்டுக்கு நேரில் போனான். பெரியவர் நோட்டையே எடுத்து முன்னால் வைத்தார். அவன் போனைக் காட்டினான், அதில் போட்டோ இருக்கவேண்டிய இடத்தில் மங்கலான ஒரு சதுரம்தான் இருந்தது. திங்கட்கிழமை அவரைக் குழுவில் மறுபடி சேர்த்தோம்.

ஆங்கில எழுத்தில் தமிழா? பி, ஓ, டி, ஏ என்று நாலு எழுத்தைத் தட்டினால் அது "போட"வா "போடா"வா? "உரம் போட" என்று எழுத வந்தவர் பாதியில் அனுப்பிவிட்டதால் எங்கள் குழுவில் ஒரு ராத்திரித் தூக்கம் போனது. தமிழ் விசைப்பலகை எல்லாப் போனிலும் இருக்கிறது. வாயால் சொன்னால் தமிழில் எழுதிக்கொடுக்கிற வசதியும் இருக்கிறது. வீட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் ஐந்து நிமிடம் கேட்டால் வைத்துக்கொடுத்துவிடுவார்கள். ஆங்கிலத்திலேயே எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போடவேண்டாம், கத்துகிற மாதிரி இருக்கும். இது இன்று நேற்றுச் சொன்னதல்ல. 1995-ல் இணையத்துக்காரர்கள் வெளியிட்ட ஆர்எஃப்சி 1855 என்ற நடத்தைக் குறிப்பிலேயே இருக்கிறது.

பதில் எந்தச் செய்திக்கு என்று தெரிகிறதா? "அதெல்லாம் பொய்" என்று மொட்டையாகப் போட்டால், கடைசியாகப் பேசியவர் தன்னைச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார். அந்தச் செய்தியை வலது பக்கம் இழுத்து, அதற்குக் கீழே எழுதுங்கள்.

அனுப்பிய பிறகுதான் தப்பு தெரிந்ததா? 15 நிமிடத்துக்குள் என்றால் திருத்திவிடலாம். அழிப்பதைவிடத் திருத்துவது மேல். அழித்தால் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று ஒரு வரி நிற்கும். என்ன திட்டியிருப்பான் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொள்வார்கள், எழுதியதைவிட மோசமாக.

இவை எதுவுமே இல்லை, ஆனாலும் இதே இரண்டு பேர் மறுபடி மறுபடி முட்டிக்கொள்கிறார்களா? அப்படியானால் கோளாறு குழுவில் இல்லை. வரப்புத் தகராறு, தடத் தகராறு, கொடுக்கல் வாங்கல், முறிந்துபோன சம்பந்தம் என்று ஏதோ ஒன்று வெளியே இருக்கும். அதைக் குழுவில் தீர்க்கப் பார்க்காதீர்கள். இரண்டு பேரும் மதிக்கிற ஒரு பெரியவரிடம் சொல்லிவிடுங்கள். வரப்பு என்றால் நில அளவையர் வந்து அளக்கட்டும்.

## அறிகுறி: இப்போது, இந்த நிமிடம் சண்டை நடக்கிறது

காரணம் தேடுகிற நேரம் இது இல்லை. செய்யவேண்டியது மட்டும்:

அட்மின் என்றால், குழு அமைப்புக்குப் போய் "அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம்" என்று மாற்றுங்கள். ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "காலை 8 மணிக்குக் குழு திறக்குமுங்க." யார் பக்கம் நியாயம் என்று எழுதவேண்டாம். அப்புறம் இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்யுங்கள், வயதில் மூத்தவருக்கு முதலில். நான் சொன்ன 1995 குறிப்பிலும் இதே யோசனைதான்: மனசு கொதிக்கிற செய்தியை ஒரு ராத்திரி கழித்து அனுப்பு.

உறுப்பினர் என்றால், பேசாமல் இருங்கள். சிரிப்புக் குறி வேண்டாம். "இரண்டு பேரும் நிறுத்துங்க" கூட வேண்டாம், அதற்கும் ஒரு பதில் வரும். முக்கியமாக, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு குழுவுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு பேர் சமாதானமான பிறகும் அந்தப் படம் ஊரில் சுற்றிக்கொண்டே இருக்கும். தீராமல் போன சண்டைகளில் எனக்குத் தெரிந்து பாதிக்கு மேல் ஸ்கிரீன்ஷாட்டால் வளர்ந்தவைதான்.

சாதிப் பேச்சு வந்துவிட்டால் மேலே சொன்ன பொறுமை எதுவும் கிடையாது. அட்மின் யாருடைய செய்தியையும் எல்லோருக்கும் அழிக்க முடியும். முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு அதே நிமிடம் அழியுங்கள், எழுதியவரை நீக்குங்கள். பிரிவினருக்கு இடையே பகையைத் தூண்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 196-ஆம் பிரிவில் குற்றம். பட்டியல் சாதியினரை இழிவாகப் பேசியிருந்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்க நினைத்தால் "ஊருக்குள்ளே பேசித் தீர்த்துக்கலாம்" என்று தடுப்பது பெரிய அநியாயம். அவருக்கு அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுங்கள், ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அட்மின் மேல் வழக்கு வருமா என்று பலரும் என்னைக் கேட்கிறார்கள். நம் கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் அட்மின் மேலேயே வழக்கு வந்து, 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றால் காவல்துறை தாக்கல் செய்கிற இறுதி அறிக்கையில் அவர் பெயரை விட்டுவிடவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும், உறுப்பினர் போட்டதற்கு அட்மினைப் பொறுப்பாக்க முடியாது என்றது. அதனால் பயந்துகொண்டு அட்மின் வேலையை விடவேண்டியதில்லை. கண்ணில் பட்ட பிறகும் அழிக்காமல் இருப்பது வேறு விஷயம்.

## அறிகுறி: உறுதியில்லாத சேதி பரவுகிறது

2023 மார்ச்சில் திருப்பூரில் என்ன நடந்தது என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று இரண்டு வீடியோ சுற்றியது. இரண்டிலுமே தமிழர் வடமாநிலத்தாரை அடிக்கவில்லை. ஒன்று வடமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த பழைய சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் போட்ட சண்டை என்று காவல்துறை தலைவரே அறிக்கை விட்டார். அதற்குள் குழந்தைகுட்டிகளோடு ரயில் நிலையத்தில் நின்றவர்கள் எத்தனையோ பேர்.

ஃபார்வர்டு செய்வதற்கு முன் நாலு இடம் பாருங்கள். ஒற்றை அம்பா, இரட்டை அம்பா? இரட்டை அம்பு என்றால் அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது. அனுப்பியவர் கண்ணால் பார்த்ததல்ல. தேதி இருக்கிறதா? "இன்று" என்று மட்டும் இருந்தால் எந்த வருடத்து இன்றோ. வீடியோவில் கடைப்பலகை, பஸ், வண்டி நம்பர் எந்த ஊருடையது? கேட்டுச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா? தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் இப்படிச் சுற்றுகிற சேதிகளைப் பார்த்து உண்மையா பொய்யா என்று வெளியிடுகிறது, அதையும் ஒருமுறை பாருங்கள்.

போட்டவரைத் திருத்துவது எப்படி? எல்லோர் முன்னாலும் "பொய் பரப்பாதீங்க" என்றால் அவர் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், சேதியைத் திருத்தமாட்டார். செய்தியை அழுத்திப் பிடித்தால் தனியாகப் பதில் சொல்கிற வசதி வரும். அதில் எழுதுங்கள்: "அண்ணா, இது 2019-ல வந்த வீடியோங்க. நீங்களே எடுத்துட்டீங்கன்னா நல்லதுங்க." பத்தில் ஒன்பது பேர் எடுத்துவிடுவார்கள். அவரே "தப்பான சேதிங்க, எடுத்துட்டேன்" என்று குழுவில் எழுதும்போது அவர் மரியாதை கூடத்தான் செய்கிறது.

குழந்தையைக் காணோம், ரத்தம் வேண்டும் என்று வருகிற சேதிகளுக்கு ஒரே சோதனைதான்: அதில் இருக்கிற நம்பருக்கு முதலில் நீங்கள் போன் செய்யுங்கள். கிடைத்துவிட்டது என்றால் அதையும் எழுதுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வந்துவிட்ட குழந்தையின் படம் மூன்று வருடம் கழித்தும் சுற்றும். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயர், படம், பள்ளி, ஊர் எதையும் எந்த நல்ல நோக்கத்துக்காகவும் போடக்கூடாது. போக்சோ சட்டத்தில் அது தண்டனைக்குரியது. அழைக்கவேண்டிய குழந்தைகள் உதவி எண் 1098.

## அறிகுறி: வேறு குழுவுக்குப் போகவேண்டியது இங்கே வந்துவிட்டது

"எல்லோருக்கும் நீக்கு" என்பதைத் தொடுங்கள். அவசரத்தில் "எனக்கு மட்டும் நீக்கு" என்பதில் கைபட்டால் உங்களுக்குத்தான் தெரியாது, ஊருக்கெல்லாம் தெரியும். உடனே கீழே வருகிற "செயல்தவிர்" என்பதைத் தொட்டால் திரும்ப வந்துவிடும். இரண்டு நாளுக்கு மேலும் அழிக்க அவகாசம் இருக்கிறது. ஒரு வரி எழுதுங்கள்: "தப்பா இங்க போட்டுட்டனுங்க, மன்னிச்சுக்கங்க." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பார்த்தவர்கள், பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

## அறிகுறி: ஒருவரிடமிருந்து ஏபிகே ஃபைல் வருகிறது, குழுவின் பெயரும் படமும் மாறிவிட்டது

கல்யாணப் பத்திரிகை என்றோ, விவசாயிகள் உதவித்தொகை என்றோ, வங்கியின் பெயரிலோ ஒரு ஏபிகே ஃபைல், அதாவது போனில் செயலியை நிறுவுகிற ஃபைல் வரும். தொடாதீர்கள். அனுப்பியவருக்குச் சாதாரணப் போனில் பேசுங்கள், வாட்ஸப்பில் அல்ல. அவர் அனுப்பியே இருக்கமாட்டார். அவர் போன் வேறு ஒருவன் கையில் இருக்கிறது. அட்மின் அந்த ஃபைலை அழித்து, அவர் எண்ணைத் தற்காலிகமாக நீக்கவேண்டும். ஏன் நீக்கினோம் என்று குழுவில் எழுதும்போது "இன்னார் ஏமாந்துட்டார்" என்று எழுதாமல் "அவர் போன்ல கோளாறு, சரியானதும் சேர்த்துக்கறோமுங்க" என்று எழுதுங்கள். ஃபைலைத் திறந்துவிட்டவர் நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கும் உடனே பேசவேண்டும். பணம் போயிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வெட்கப்பட்டுக்கொண்டு ஒருநாள் சொல்லாமல் இருந்தவர்களுக்குத்தான் காசு திரும்பவில்லை.

## அறிகுறி: ஆட்கள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறார்கள்

2022-லிருந்து யாராவது வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு வரும். குழு விவரத்தின் அடியில் 60 நாளுக்குள் போனவர்கள் பட்டியலும் இருக்கும். மாதம் ஒருமுறை அதைப் பாருங்கள். போனவரைக் கேட்காமல் திரும்பச் சேர்க்காதீர்கள். போன் செய்து, "ஏனுங்க, எதாச்சும் சங்கடமுங்களா?" என்று கேளுங்கள்.

பல பேர் சொல்வது எளிய காரணம்: போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. மியூட் செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தால் வந்துவிடுவார்கள். சிலரைக் கேட்காமலே சேர்த்திருப்போம். அது நம் தப்பு. முதலில் அழைப்பு லிங்க் அனுப்பி, அவராகச் சேர விடவேண்டும். அடுத்தது விளம்பரம்: வீட்டுமனை, சீட்டு, இன்சூரன்ஸ். அப்புறம் கட்சிப் பேச்சு. இரண்டுக்கும் குழு விவரத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். மீறுகிறவருக்குத் தனியாக ஒருமுறை, இரண்டுமுறை சொல்லுங்கள்.

போகிறவர்கள் பெண்களாக இருந்தால் இந்த வரிசையை விட்டுவிட்டு நேராக ஒன்றைக் கேளுங்கள், வீட்டுப் பெண்கள் யாரையாவது வைத்துக் கேட்பது நல்லது: குழுவிலிருந்து நம்பரை எடுத்து யாராவது தனியாகச் செய்தி அனுப்புகிறார்களா?

எங்கள் மஞ்சள் குழுவில் ஒரே மாதத்தில் மூன்று பெண்கள் போனார்கள். மூன்று பேரும் சொந்தமாகத் தோட்டம் பார்க்கிறவர்கள். என் வீட்டுக்காரம்மா பேசிய பிறகுதான் தெரிந்தது. ஒரே ஆள்தான், மூன்று பேருக்கும் ராத்திரி பதினோரு மணிக்கு "சாப்டாச்சா", "தூங்கலையா" என்று அனுப்பியிருக்கிறார். குழுவில் அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர். சாதிப் பேச்சைப் போலவே இந்தக் கோளாறிலும் நான் ஃபியூஸைப் பார்ப்பதில்லை. எச்சரிக்கை இல்லாமல் அன்றைக்கே நீக்கினோம். காரணத்தைப் பெண்களின் பெயர் இல்லாமல் குழுவில் எழுதினோம். வேலை விஷயமாகத் தனியாக எழுதவேண்டுமென்றால் குழுவிலேயே "தனியா மெசேஜ் பண்ணலாமுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதவேண்டும் என்ற வரியைக் குழு விவரத்தில் சேர்த்தோம்.

நீக்கிய பிறகும் தொந்தரவு தொடர்ந்தால், பிளாக் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ, தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலோ புகார் கொடுக்கலாம். கூடப் போக ஆள் வேண்டுமென்றால் அட்மின் போகவேண்டும்.

அந்த மூன்று பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அதில் ஒரு அக்காதான் இப்போது ஏல நாள்களில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெருந்துறை விலையைப் போடுகிறார். தேதி போட்டு, விரலி தனியாக, கிழங்கு தனியாக.